கறுப்பு வயிற்று விமானம்

பொம்மை விமானத்தின் மஞ்சள் வயிற்றுக்குக் கறுப்புப் பெயிண்ட் அடிக்க வேண்டும் என்று என் கணவர் சொன்ன அன்று எனக்கு வந்த கோபம் கொஞ்சநஞ்சமல்ல. வெள்ளிக்கிழமையும் அதுவுமாக, விளக்கேற்றுகிற நேரத்தில், கூடத்தின் நடுவில் கறுப்பு டப்பாவைத் திறந்து வைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தார். தச்சநல்லூரில் நாங்கள் குடியிருந்த வீட்டில் ஜன்னல் கம்பிக்குக்கூடக் கறுப்பு அடித்ததில்லை.

"விமானமா செய்யுதீய, காக்காயா?" என்று கேட்டேன்.

"காக்கா எம்புட்டுத் தூரத்துல பறந்தாலும் வானத்துல தெரியுதுல்லா? மஞ்சள் தெரிய மாட்டேங்கு. அதான்."

பழைய சேலைத் துணியை எடுத்துவந்து தரையில் சிந்தாமல் விரித்துக் கொடுத்தேன்.

அவருக்குக் கண் போய்க்கொண்டிருந்தது. ஒரேயடியாகப் போகவில்லை. ஓரங்கள் முதலில் போயின. பக்கத்தில் யார் நிற்கிறார்கள், காலடியில் என்ன கிடக்கிறது என்பதெல்லாம் மறைந்து, நேர் எதிரே குழாய் வழியாகப் பார்ப்பதுபோல் ஒரு வட்டம் மட்டும் மிஞ்சியிருந்தது. அந்த வட்டத்துக்குள் பேப்பரின் பொடி எழுத்தைக்கூட வாசித்துவிடுவார். ஆனால் வாசலில் இருக்கிற வாளியில் தினமும் இடித்துக்கொள்வார். பொழுது சாய்ந்தால் அந்த வட்டமும் இல்லை. பாளையங்கோட்டையில் ஒரு கல்லூரியில் வேதியியல் வாத்தியாராக இருந்தார். ரோட்டில் பக்கத்தில் வந்து கும்பிட்டவர்களைக் கவனிக்காமல் போய்விடுவதால், படித்த திமிர் என்று ஊரில் பேர். அந்தப் பேரை நான் திருத்தப் போகவில்லை. குருடன் என்பதற்குத் திமிர் பிடித்தவன் என்பது எவ்வளவோ மேல்.

எங்கள் குடும்பத்தில் இதை மாலைக்கண் என்றுதான் சொல்லிக்கொண்டிருந்தார்கள். என் பெரியப்பாவுக்கு இருந்தது. அதற்கு முந்தின தலைமுறையிலும் இரண்டொருவருக்கு இருந்ததாம். எல்லோருக்கும் ஒரே வைத்தியம், பொன்னாங்கண்ணிக் கீரை. பொன்னாங்கண்ணி தின்றால் பகலிலேயே நட்சத்திரம் தெரியும் என்பார்கள். எங்கள் ஆட்கள் கட்டுக் கட்டாகத் தின்றும் ராத்திரியில்கூட நட்சத்திரம் பார்த்ததில்லை.

நான் அவருக்கு மாமன் மகள். அவர் எனக்கு அத்தான். அவருக்குப் பெண் தேடுகிற காலத்திலேயே பார்வை குறைகிறது என்று வீட்டில் தெரியும். வெளியில் மறைத்துக் கட்டினால் பின்னால் தகராறு வரும் என்று முறைப்பெண்ணான என்னைக் கேட்டார்கள். "வெளிய இருந்து வாரவ நாளைக்கு விட்டுட்டுப் போயிருவா. நம்ம புள்ளைன்னா வச்சுப் பாத்துக்கிடும்" என்று அத்தை என் அப்பாவிடம் சொன்னாள். அப்பா, கூடப்பிறந்த அக்காவின் பேச்சைத் தட்டவில்லை. எல்லோருக்கும் அது நியாயமாகத்தான் பட்டது. எனக்கும் அத்தானைச் சின்ன வயதிலிருந்தே பிடிக்கும்.

மகள் பிறந்த பிறகுதான் மதுரையில் ஒரு பெரிய கண் டாக்டரிடம் போனோம். அவர் அத்தானின் கண்ணுக்குள் வெளிச்சம் அடித்துப் பார்த்துவிட்டு, "நீங்க ரெண்டு பேரும் சொந்தமா?" என்று கேட்டார். இது கீரையால் போகிற மாலைக்கண் இல்லை, பிறப்பிலேயே இரத்தத்தோடு வருவது, சொந்தத்துக்குள் கட்டக் கட்டப் பிள்ளைகளுக்கு இறங்கும், மருந்து கிடையாது என்றார். அத்தானை வைத்துப் பார்த்துக்கொள்ள எந்தச் சொந்தத்தைப் பிடித்துக் கட்டிவைத்தார்களோ, அதுவே மகளுக்கு வினையாகலாம் என்று திரும்பி வரும்போது பஸ்ஸில்தான் எனக்கு உறைத்தது. அவள் என் மடியில் தூங்கிக்கொண்டு வந்தாள். கோவில்பட்டி தாண்டும் வரை நான் அவளுடைய மூடிய இமையையே பார்த்துக்கொண்டிருந்தேன்.

பிள்ளை வளர்ந்ததும் கூட்டிவாருங்கள், பார்க்கலாம் என்று டாக்டர் சொல்லியிருந்தார். நாங்கள் கூட்டிப் போகவில்லை. "பொம்பளப் புள்ளைய கண்ணாஸ்பத்திரி வாசல்ல நிறுத்துனா, நாளைக்கு எவன் வந்து கேப்பான்?" என்று அத்தை சொன்னாள். அத்தான் வேறு மாதிரி சொன்னார். "இப்பத் தெரிஞ்சு என்ன செய்யப் போறோம்? மருந்தா இருக்கு?" கரண்டு போனால் மகள் இருந்த இடத்திலேயே நின்று அழுவாள். ஒரு அடி எடுத்து வைக்க மாட்டாள். பயந்த பிள்ளை என்று அத்தை தாயத்து கட்டினாள். எந்தப் பிள்ளைதான் இருட்டில் அழாது என்று நானும் என்னைத் தேற்றிக்கொள்வேன். அடுத்த நிமிஷமே அவள் கண்ணை உற்று உற்றுப் பார்ப்பேன்.

விமானம் வந்தது அந்தக் காலத்தில்தான். அமெரிக்காவில் இருக்கும் அத்தானின் அண்ணன் லீவுக்கு வந்தபோது கொண்டுவந்து கொடுத்தது. அவருடைய மகன் இரண்டு நாள் ஆடிவிட்டுச் சலித்துப் போட்டதாம். புதிதாகப் பழகுகிறவர்களுக்கென்றே செய்த விமானம் அது. இறக்கை உடம்புக்கு மேலே உட்கார்ந்திருக்கும். இரண்டு பக்கமும் லேசாக மேல்நோக்கித் தூக்கியிருக்கும். அதனால் வானத்தில் என்ன தடுமாறினாலும், ரிமோட்டின் குச்சியிலிருந்து கையை எடுத்துவிட்டால் போதும், தானே நிமிர்ந்துகொள்ளும்.

"நம்மள மாதிரி ஆளுக்குன்னே செஞ்சிருக்கான்" என்று அத்தான் சொல்லிச் சொல்லிச் சிரித்தார்.

எனக்குச் சிரிப்பு வரவில்லை. கண் தெரியாத மனுஷனுக்குக் கொடுக்க வேறு சாமானே அமெரிக்காவில் இல்லையா என்று அண்ணன்காரர் மேல் ஆத்திரமாக வந்தது. அத்தானோ கல்லூரி விட்டு வந்ததும் அதன்முன் உட்கார்ந்துவிடுவார். எஞ்சினுக்கு மெத்தனாலும் விளக்கெண்ணெயும் கலந்து ஊற்ற வேண்டும். கல்லூரி சோதனைச்சாலைக்குச் சாமான் கொடுக்கிற ஆளிடம் சொல்லிவைத்து மெத்தனால் வாங்கினார். விளக்கெண்ணெய் என் அடுக்களையிலிருந்து போயிற்று.

"இந்த மெத்தனால் இருக்கு பாரு, இதக் குடிச்சா ஒரே ராத்திரியில கண்ணு போயிரும்" என்றார் ஒருநாள், புட்டியைத் தூக்கிப் பார்த்தபடி. "எனக்குப் பைய பைய போவுது. ஒருவகையில நான் கொடுத்து வச்சவன்."

புட்டியைப் பிடுங்கி அலமாரியில் வைத்துப் பூட்டினேன்.

பறக்கவிடப் போவது ஊருக்கே வேடிக்கை. அவரால் வண்டி ஓட்ட முடியாது என்பதால் நான் மொபெட் பழகியிருந்தேன். முன்னால் மகள் நிற்க, பின்னால் அவர் இறக்கையை ஒரு கக்கத்திலும் உடம்பை மறு கக்கத்திலும் இடுக்கிக்கொண்டு உட்கார, கங்கைகொண்டான் போகிற ரோட்டில் போவோம். டீக்கடையில் நிற்கிறவர்கள், பெண்டாட்டி ஓட்டப் புருஷன் பின்னால் போகிறான் என்று சிரிப்பார்கள். சிரித்துத் தொலையட்டும். அந்தப் பக்கம் தொழிற்சாலைகள் வரப்போகின்றன என்று சொல்லிக்கொண்டே இருந்த ஒரு பொட்டல் கிடந்தது. எதுவும் வந்தபாடில்லை. மேற்கே ஒரு பனங்கூட்டம், கிழக்கே ரயில் தண்டவாளம், நடுவே முள் அடர்ந்த உடைமரமும் ஆடுகளும்.

எஞ்சினின் தலையில் டார்ச் பேட்டரியின் கரண்டைக் கொடுத்து, முன் விசிறியைச் சுண்டிவிட்டால் கிர்ரென்று பிடித்துக்கொள்ளும். சுட்ட விளக்கெண்ணெய் வாடை பொட்டல் முழுவதும் பரவும். மேலே போன விமானத்தை அவருடைய வட்டத்துக்குள் வைத்திருக்கும்வரை அழகாகத்தான் ஓட்டுவார். ஆனால் ஒருதரம் இமைத்து, அது வட்டத்துக்கு வெளியே போய்விட்டால் தீர்ந்தது. அத்தனை பெரிய வானத்தில் அதைத் திரும்பத் தேடிப் பிடிக்க அவரால் முடியாது. குச்சியிலிருந்து கையை எடுத்துவிட்டு, "ஏட்டி, எங்கன இருக்கு?" என்று கத்துவார். விமானம் தானே நிமிர்ந்து போய்க்கொண்டிருக்கும். நான் சொல்ல வேண்டும்.

இடது வலது என்று முதலில் சொல்லிப் பார்த்தேன். என் இடமும் அவர் இடமும் விமானத்தின் இடமும் மூன்றும் மூன்று திக்கில் போய், அது நேராக உடைமரத்தில் சொருகியதுதான் மிச்சம். பிறகு திசைக்குப் பனை, தண்டவாளம், ரோடு, தூரத்து மலை என்று வைத்துக்கொண்டோம். "பனைக்கு மேல ஒரு முழம்... இப்போ மலைப் பக்கம் போவுது... பைய, பைய, தலைக்கு மேல வருது." பள்ளிக்கூடத்தில் நாள் முழுதும் கணக்குச் சொல்லிக் கொடுத்த தொண்டை, சாயங்காலம் இதற்கும் கத்த வேண்டும்.

உடைமரத்திலிருந்து அதை எடுக்கப் போய், கை கால் எல்லாம் முள் கிழித்து அவர் வந்து நின்ற ஒருநாள் என்னால் தாங்க முடியவில்லை. "கண் கெட்ட பிறகு சூரிய நமஸ்காரம் எதுக்கு?" என்று சொல்லிவிட்டேன். எல்லோரும் சொல்கிற பழமொழிதான். சொன்ன பிறகுதான் யாரிடம் சொன்னேன் என்று புரிந்து நாக்கைக் கடித்துக்கொண்டேன். அவர் கோபப்படவில்லை. "இன்னும் முழுசாக் கெடலல்லா? கெடுறதுக்குள்ள கும்பிட்டுக்கிடுதேன்" என்றார்.

கெடுவதற்குள் என்னென்னவோ செய்தார். இறக்கையை இன்னும் கொஞ்சம் மேலே தூக்கி ஒட்டினார், கையை விட்டதும் இன்னும் சீக்கிரம் நிமிரும் என்று. விமானத்தைச் செய்திருந்த தக்கை போன்ற மரம் இங்கே கிடைக்காது என்பதால் தெர்மோகோலை அறுத்து, மூங்கில் சிம்பு கொடுத்து, மேலே பழுப்புத்தாள் ஒட்டி இறக்கையை இரண்டு பக்கமும் நீட்டினார். பெரிதாக இருந்தால் தெரியும், மெதுவாகப் பறக்கும். இறக்கையை உடம்போடு கட்டுகிற ரப்பர் வளையங்கள் விளக்கெண்ணெய் பட்டு வழுக்கின. சைக்கிள் ட்யூபை வளையமாக அறுத்து மாட்டினார். அதற்குப் பிறகுதான் கறுப்பு வயிறு. ஒவ்வொன்றும் கொஞ்ச நாள் தாங்கும். "இப்பத் தெரியுதுட்டி" என்பார் முதல் வாரம். பிறகு கண் அதையும் தாண்டிக் குறைந்துவிடும். அவர் இறக்கையை நீட்ட நீட்ட, வட்டம் சுருங்கிக்கொண்டே வந்தது. இது ஜெயிக்கிற பந்தயம் இல்லை என்று எங்கள் இருவருக்கும் தெரியும். அதை ஒருவருக்கொருவர் சொல்லிக்கொள்ளவில்லை, அவ்வளவுதான்.

ஆடு மேய்க்கிற பெரியவர் ஒருவர் கம்பை ஊன்றிக்கொண்டு நின்று பார்ப்பார். "என்ன அண்ணாச்சி, பருந்துக் குஞ்சா வளக்கீய?" என்று கேட்பார். உண்மையிலேயே பருந்துகள் அதைச் சுற்றிச் சுற்றி வந்தன. அவர் தன் ஆடுகளைத் தூரமாக ஓட்டிக்கொண்டு போவார்.

கறுப்பு அடித்த பிறகு இன்னொரு பழக்கம் தொடங்கியது. சாயங்காலம் நேரம் கழித்துக் கிளம்ப ஆரம்பித்தார். வெயில் இறங்கட்டும், காற்று அடங்கட்டும் என்பார். காற்று அடங்கினால் அந்த நீண்ட இறக்கை ஆடாது என்பது உண்மைதான். ஆனால் காற்று அடங்குகிற நேரத்தில் வெளிச்சமும் அடங்கும். "இருட்டுல உங்களுக்கு என்ன தெரியப் போவுது?" என்று சண்டை பிடிப்பேன். காதில் போட்டுக்கொள்ள மாட்டார்.

அந்த நேரத்தில்தான் மகளிடம் ஒரு விளையாட்டுத் தொடங்கினார். விமானத்தை மேலே விட்டுவிட்டு, "தங்கம், எங்கன இருக்கு காட்டு" என்பார். அவள் விரலை நீட்டுவாள். "அங்கன!" நான் பார்த்தால் விரல் நுனிக்கு நேரே விமானம் இருக்கும். சரிதான் என்று அவருக்குச் சொல்வேன். அது திரும்பினால் விரலும் திரும்பும். மேற்கு சிவந்து, பனையெல்லாம் வெறும் நிழலாகி, எனக்கே கண்ணைச் சுருக்கிப் பார்க்க வேண்டியிருந்த நேரத்திலும் அவள் விரல் பிசகவில்லை.

அப்போதுதான் எனக்குப் புரிந்தது, அவர் ஏன் இருட்டுகிற நேரமாகப் பார்த்து வருகிறார் என்று. தான் பார்ப்பதற்கு இல்லை. அவள் பார்க்கிறாளா என்று பார்ப்பதற்கு. மதுரைக்குக் கூட்டிப் போகத் தைரியம் இல்லாத மனுஷன் பொட்டலில் வைத்துப் பரீட்சை நடத்திக்கொண்டிருந்தார்.

"அவளுக்கு ஒண்ணும் இல்லட்டி" என்றார் ஒருநாள் மொபெட்டின் பின்னாலிருந்து, என் தோளில் கையை வைத்து. "பாத்தியா, ஒருதரம்கூடத் தப்பாக் காட்டல."

நான் ரோட்டோரம் வண்டியை நிறுத்திவிட்டு அழுதேன். மகள் பயந்து, "ஏம்மா அழுத?" என்று கேட்டாள். அவளைக் கட்டிக்கொண்டு முத்தம் கொடுத்தேன். மறுநாள் பாயசம் வைத்தேன். என்ன விசேஷம் என்று அத்தை கேட்டதற்கு, சும்மாதான் என்றேன். அந்தப் பங்குனி மாதம் எங்கள் வீட்டில் இருந்த சந்தோஷத்தை நான் இன்னும் மறக்கவில்லை. அத்தானுக்குப் பார்வை இன்னும் குறைந்திருந்தது. கல்லூரியில் ஒரு கண்ணாடிக் குடுவையைத் தட்டிவிட்டதில், கூட வேலை பார்க்கிறவர்கள் முணுமுணுக்கத் தொடங்கியிருந்தார்கள். அதெல்லாம்கூட எங்களுக்குப் பெரிதாகத் தெரியவில்லை. இவரோடு போகட்டும், இத்தோடு நிற்கட்டும் என்று நெல்லையப்பரிடம் வேண்டிக்கொண்டேன்.

ஆனால் சில நாளில் அவர் பேச்சைக் குறைத்துக்கொண்டார். பறக்கவிடும்போது மகளையே கவனித்துக்கொண்டிருப்பார். என்ன யோசனை என்று கேட்டால், ஒன்றும் இல்லை என்பார்.

கடைசியாகப் போன அன்று பொழுது நன்றாகவே சாய்ந்துவிட்டது. ஆட்டுக்காரர்கூடப் போய்விட்டார். விமானம் பனங்கூட்டத்துக்கு நேர் மேலே, நல்ல உயரத்தில் கிர்ரென்று சுற்றிக்கொண்டிருந்தது. மகள் விரலை நீட்டியபடி நின்றாள். விரல் சரியாகத்தான் இருந்தது.

அவருடைய கட்டைவிரல், எஞ்சினுக்கான குச்சியைக் கடைசிவரை கீழே இழுத்ததை நான் பார்த்தேன்.

எஞ்சின் இரண்டு தரம் இருமிவிட்டு நின்றது. பொட்டல் சட்டென்று அமைதியாகிவிட்டது. ஏன் இப்படிச் செய்தார் என்று கேட்க வாயைத் திறந்தேன். அவர் பேசாதே என்று கையைக் காட்டினார். அப்போது எனக்கு விளங்கிற்று. அவருக்கே பாதி விமானம் காதால்தான் தெரிந்துகொண்டிருந்தது. ஆகவே, மகளும் சத்தத்தை வைத்துத்தான் காட்டுகிறாளோ என்ற சந்தேகம் அவருக்குத்தான் முதலில் வரும்.

எஞ்சின் நின்றால் சாதாரண விமானம் சீக்கிரம் இறங்கிவிடும். இது இறங்கவில்லை. அவர் நீட்டி ஒட்டிய இறக்கை அதைத் தாங்கிப் பிடித்துக்கொண்டது. சத்தமே இல்லாமல் பனையை விட்டு விலகி, வளைந்து, எங்கள் தலைக்கு மேலாகக் கடந்து, பின்பக்கம் தண்டவாளத்தை நோக்கிப் போயிற்று. கறுப்பு வயிறு எனக்குத் தெளிவாகத் தெரிந்தது.

"தங்கம், எங்கன இருக்கு?" என்று கேட்டார். குரல் சாதாரணமாகத்தான் இருந்தது.

"அங்கன" என்றாள் மகள். விரல் பனங்கூட்டத்துக்கு மேலேயே நின்றது. அசையவில்லை. கண்ணை அகல விரித்து அந்த வெறும் வானத்தைப் பார்த்துச் சிரித்துக்கொண்டிருந்தாள்.

அவர் என் பக்கம் தலையைத் திருப்பினார். நான் நின்ற இடம் அவருக்குச் சரியாகத் தெரியவில்லை. என்னைத் தாண்டி எங்கேயோ பார்த்தபடி கேட்டார்.

"ஏட்டி, சரியாச் சொல்லுதாளா?"

விமானம் எங்கள் முதுகுக்குப் பின்னால் இருந்தது. தண்டவாளம் என்று ஒரு வார்த்தை சொன்னால் போதும், திருப்பி இறக்கிவிடுவார். அதை எத்தனையோ தரம் சொல்லியிருக்கிறேன்.

"சரிதான் அத்தான்" என்றேன். "பனைக்கு மேலதான் இருக்கு."

அவர் குச்சியைத் தொடவில்லை. மூன்று பேரும் பனையைப் பார்த்தபடி நின்றோம். அப்புறம் பின்னால், தண்டவாளத்துச் சரளைக்கல்லில், மரமும் தெர்மோகோலும் நொறுங்குகிற சத்தம் கேட்டது.

மகள் சட்டென்று திரும்பினாள். "அப்பா, இப்போ அங்கன!" என்று குதித்துக்கொண்டு, சத்தம் வந்த திசைக்குச் சரியாக விரலை நீட்டினாள்.

அவர் திரும்பவில்லை. பனையைப் பார்த்தபடியே ரிமோட்டின் ஏரியலை ஒவ்வொரு கண்ணியாக உள்ளே தள்ளி மடக்கினார்.

"ஆமா தங்கம். சரியாச் சொல்லிட்ட" என்றார்.

விழுந்ததை எடுக்க யாரும் போகவில்லை. இரண்டு பேரையும் ஆளுக்கொரு கையில் பிடித்துக்கொண்டு, வழியில் கிடந்த கல்லையும் முள்ளையும் சொல்லிக்கொண்டே, நான் வண்டி நின்ற இடத்துக்கு நடந்தேன்.